பழைய டிவி கேம் ஷோக்கள் நிஜமாகவே நன்றாக இருந்தனவா, இல்லை நம் வயதுதான் காரணமா?

நீங்கள் கேட்டதை முதலில் எனக்குப் புரிந்தபடி சொல்லிவிடுகிறேன். குழித்துறைப் பக்கம் வளர்ந்து, இப்போது சென்னையில் வேலை செய்கிறீர்கள். பாட்டுக்குப் பாட்டு, தங்க வேட்டை, ஜாக்பாட், கோடீஸ்வரன் என்று பேச்சு வந்தால் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். அஸ்வமேதம் என்று நீங்கள் சொன்னதும் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நிகழ்ச்சிகளும் அவற்றை நடத்தியவர்களும் உண்மையிலேயே அவ்வளவு தரமாக இருந்தார்களா, அல்லது நமக்கு வயதாகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வரும்போது வீட்டில் அப்படி ஒன்றை நடத்த வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றில் நடுவில் இருப்பதுதான் பெரிய கேள்வி. அதற்குத்தான் இங்கே கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

நான் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் வட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவன். பள்ளிக்கூடங்களிலும் ஊர் நூலகங்களிலும் சர்ச் ஆண்டுவிழாக்களிலும் ஓணத்துக்குக் கிளப்புகள் நடத்தும் போட்டிகளிலும் பல வருடங்களாக வினாடி வினா நடத்திவருகிறேன். டிவி ஸ்டேஷனுக்குள் வேலை பார்த்தவன் இல்லை. அதனால் ஒரு மேடையில் கேள்வி கேட்கிறவர் என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் இருக்கிறார் என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியும். கேமராவுக்குப் பின்னால் நடந்தவற்றை அப்படிச் சொல்ல முடியாது.

முதலில் உறுதியானது. வயதுக்கு இதில் பங்கு உண்டு. மனிதர்கள் தங்கள் வாழ்க்கையில் எந்தக் காலத்து நினைவுகளை அதிகமாகவும் தெளிவாகவும் வைத்திருக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயது வரை உள்ள காலத்தின் நினைவுகள்தான் குவிந்து நிற்கின்றன. அந்த வயதில் கேட்ட பாட்டும் பார்த்த முகமும் பின்னால் வந்த எதையும்விட அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும். 2001இல் நீங்கள் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தால், அப்போது டிவியில் வந்த எதுவாக இருந்தாலும் இன்று உங்களுக்கு ஏக்கத்தைத் தரும்.

இரண்டாவது உறுதியானது, அந்தத் தொகுப்பாளர்கள் ஏன் சொந்தக்காரர்கள் மாதிரித் தோன்றினார்கள் என்பது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். வானொலியிலும் டிவியிலும் நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறவரோடு, நேரில் பழகியவர் போன்ற ஓர் உறவு நமக்கு உண்டாகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கு மட்டும் அவரைத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு அவர்கள் காட்டிய உதாரணங்களில் வினாடி வினா நடத்துபவர்களும் அடக்கம். ஒரு சினிமா நடிகர் வேறொருவராக நடிக்கிறார். தொகுப்பாளர் வாரா வாரம் அதே ஆளாக, அதே நேரத்துக்கு, நம் வீட்டு ஹாலுக்கு வந்து வணக்கம் சொல்கிறார். ரம்யா கிருஷ்ணன் படங்களில் எத்தனையோ வேடம் போட்டவர். தங்க வேட்டையில் மட்டும் ரம்யா கிருஷ்ணனாகவே வந்தார். குஷ்புவும் ஜாக்பாட்டில் அப்படித்தான். அவருடைய சேலையும் ரவிக்கையும் எங்கள் ஊர்த் தையல்கடை வரைக்கும் பேச்சாக இருந்தன. ஜாக்பாட்டைப் பின்னால் நதியாவும் சிம்ரனும் நடத்தினார்கள். ஆனாலும் பெயரைச் சொன்னதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறவர் குஷ்புதான்.

அப்படியானால் எல்லாமே மனப்பழக்கமா என்று கேட்டால், இல்லை என்பது என் பதில். இனிமேல் சொல்லப்போவது என் தொழில் அனுபவத்திலிருந்து வரும் கருத்து. மேலே சொன்னவை போல நிரூபித்துக் காட்ட முடியாது. ஆனால் நான் இதை உறுதியாக நம்புகிறேன்.

ஒரு கேள்வி விளையாட்டின் உயிர், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருப்பவர் விளையாடுவது அந்த நேரத்தில். அப்பா ஒரு பதில் சொல்வார், அம்மா அடுக்களையிலிருந்து வேறொன்று சொல்வார், பிள்ளை இரண்டையும் மறுக்கும். அந்தச் சில நொடிகளைக் காப்பாற்றித் தருகிறவர்தான் நல்ல தொகுப்பாளர். இது எவ்வளவு கடினம் என்று மேடையில் நின்று பார்த்தால் தெரியும். கேள்வியைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது மனித இயல்புக்கு எதிரான வேலை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 நொடியாக்கினாலே பிள்ளைகள் நீளமாகப் பதில் சொன்னார்கள், பதிலே வராத கேள்விகள் குறைந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நான் வகுப்பில் நின்ற காலம் முழுவதும் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பின் பெஞ்சில் இருக்கிற பையனுக்கு விடை தெரியாமல் இல்லை. அது அவன் வாய்க்கு வந்து சேர்வதற்குள் நாம் அடுத்தவனைக் கைகாட்டிவிடுகிறோம்.

பி.எச். அப்துல் ஹமீத் அவர்களைப் பழையபடி ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். சன் டிவியில் வந்த லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு, அவர் இலங்கை வானொலியிலேயே நடத்திப் பழகிய விளையாட்டு. விதி ஒரே வரியில் அடங்கிவிடும். ஓர் எழுத்து தரப்படும், அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். இதற்குச் செலவு இல்லை, பெரிய செட் தேவையில்லை. பாடுகிறவர் திணறும்போது ஹமீத் குரலை உயர்த்த மாட்டார், அவசரப்படுத்தவும் மாட்டார். வரி பிசகினால் திருத்துவார், ஆனால் அந்த ஆள் வெட்கப்படும்படி திருத்த மாட்டார். லகரமும் ளகரமும் ழகரமும் அவர் வாயில் தனித்தனியாக நிற்கும். எங்கள் மாவட்டத்துக்கு அவர் டிவி மூலமாக வந்த புது ஆளும் இல்லை. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரித் தெளிவாகக் கேட்கும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று அந்தக் குரல்களைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்தத் தலைமுறை, டிவியில் அவர் முகத்தைப் பார்த்தபோது, ‘ஓ, இவியதானா அவிய’ என்று சந்தோஷப்பட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து கோடி ரூபாய் நிகழ்ச்சிகள். 1998 செப்டம்பரில் இங்கிலாந்தில் கிறிஸ் டாரன்ட் நடத்தத் தொடங்கியதுதான் மூலம். 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் அதை இந்திக்குக் கொண்டுவந்தார். அதே வகையில் சன் டிவியில் சரத்குமார் கோடீஸ்வரன் நடத்தினார். அந்த மூல வடிவத்தைப் படைத்தவர்கள் நான் சொன்ன இடைவெளியின் மதிப்பை நன்றாகவே புரிந்துகொண்டவர்கள். ஆரம்பத்தில் அதில் கடிகாரமே கிடையாது. போட்டியாளர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாய்விட்டு யோசிக்கலாம். பின்னணி இசையை அமைத்த கீத் ஸ்ட்ராக்கனும் அவர் மகன் மாத்யூவும், கேள்வி ஏற ஏற இசையின் சுருதி அரை அரை சுரமாக ஏறும்படி செய்தார்கள். நமக்கே தெரியாமல் நெஞ்சு படபடத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ‘இதுதான் உங்கள் கடைசிப் பதிலா’ என்று கேட்டுவிட்டு ஒரு நடிகர் பேசாமல் உட்கார்ந்திருப்பது, சினிமாவில் நாம் பார்க்காத புதுமை. பிற்பாடு ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்ற நிகழ்ச்சியை 2012இல் சூர்யாவும், அடுத்த வருடம் பிரகாஷ்ராஜும், 2016இல் அரவிந்த்சாமியும் நடத்தினார்கள். மூவரில் காத்திருக்கத் தெரிந்தவர் அரவிந்த்சாமி என்பது என் அபிப்பிராயம். சூர்யாவிடம் இருந்தது வேறு பலம். எதிரில் இருப்பவரின் குடும்பக் கதையை அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

இனி அஸ்வமேதத்துக்கு வருகிறேன். உங்கள் சென்னை நண்பர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்குக் காரணம் எளிது, அது மலையாளம். 2000இல் தொடங்கிய கைரளி டிவியில் ஜி.எஸ். பிரதீப் நடத்திய நிகழ்ச்சி. நம் மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு நம் டிவி அனுபவம் எவ்வளவு கலப்பானது என்று தெரியாது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி என்று இருந்த பகுதி இது. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் 1985இல் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியபோது, விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் வீட்டுக் கூரைமேல் இருந்த ஆன்டெனாக்கள் வடமேற்கே பார்த்து நின்றன. சென்னை நிகழ்ச்சிகளைவிட அதுதான் தெளிவாக விழுந்தது. கேபிள் வந்த பிறகும் ஒரே ரிமோட்டில் சன் டிவி, ஜெயா டிவியோடு ஏஷியாநெட், சூர்யா டிவி, கைரளி என்ற மலையாளச் சேனல்கள் எல்லாம் இருந்தன. அதனால் டீலா நோ டீலாவை ரிஷி தமிழில் நடத்தியதையும், அதே விளையாட்டை முகேஷ் மலையாளத்தில் நடத்தியதையும் பார்த்தவர்கள் நாம். 2012இல் தமிழில் சூர்யாவும் மலையாளத்தில் சுரேஷ் கோபியும் ஒரே விளையாட்டை நடத்த, எவர் நன்றாக நடத்துகிறார் என்று மார்த்தாண்டம் டீக்கடைகளில் சண்டையே நடந்தது. ஒரே விதி, ஒரே செட், ஒரே இசை இருந்தும் நிகழ்ச்சி ஏன் வேறாகத் தெரிகிறது என்பதை நேரில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இயல்பாகவே கிடைத்தது.

அஸ்வமேதம் தலைகீழ் வினாடி வினா. வந்தவர் ஒரு பிரபலமானவரை மனதில் நினைத்துக்கொள்வார். பிரதீப் 21 கேள்விக்குள் அது யார் என்று சொல்லிவிட வேண்டும். பதில் ஆமாம், இல்லை என்ற அளவில்தான். இதே வகை விளையாட்டு 1940களிலேயே அமெரிக்க வானொலியிலும் பிபிசி வானொலியிலும் 20 கேள்விகளோடு வந்தது. அதன் கணக்கு அழகானது. ஒவ்வொரு கேள்வியும் மீதமிருக்கும் பெயர்களைச் சரிபாதியாகப் பிரித்தால், 21 கேள்விகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்துவிடலாம். அதாவது திறமை, பாதியாகப் பிரிக்கும் கேள்வியைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. உயிரோடு இருக்கிறாரா, இந்தியரா, ஆணா, கலைத்துறையா என்று நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளி வேனிலும் நாகர்கோவில் பஸ்ஸிலும் தமிழில் இதை விளையாடியதை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பாடப்புத்தகமும் கற்றுத்தராத வகையில் அவர்களுக்குத் தர்க்கம் கற்றுத்தந்த நிகழ்ச்சி அது. பதில் தெரிந்தவனைவிட நல்ல கேள்வி கேட்கத் தெரிந்தவன் பெரியவன் என்று பிள்ளைகளுக்குப் புரியவைத்தது. ஓர் ஆசிரியராக நான் மிகவும் நன்றியோடு நினைப்பது இதைத்தான்.

இப்போது மாறியிருப்பது என்ன? தொகுப்பாளர்களின் திறமை குறைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பிரியங்கா, மா.கா.பா. போன்றவர்களின் சமயோசிதம் பழையவர்கள் பலரிடம் இல்லை. மாறியது போட்டியாளர் நாற்காலி. முன்பு அதில் உட்கார்ந்தவர் ஒரு ஆசிரியையோ வங்கி ஊழியரோ கல்லூரி மாணவரோ. பெயரும் ஊரும் சொல்லி அறிமுகமாவார். இன்று ஸ்டார்ட் மியூசிக் மாதிரி நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் சீரியல் நடிகர்களும் சேனலின் பழகிய முகங்களும்தான் விளையாடுகிறார்கள். அவர்களுக்குத் தோல்வியால் ஒன்றும் போகாது. அதனால் அங்கே பதற்றம் இல்லை, கலகலப்பு இருக்கிறது. கலகலப்பு வேண்டுமென்றால் இடைவெளி விட முடியாது. ஒவ்வொரு நொடியையும் ஒலிக்குறிப்பும் மீம் வசனமும் வந்து நிரப்பிவிடுகின்றன. வீட்டில் இருப்பவருக்குச் சிரிக்க இடம் உண்டு, விளையாட இடம் இல்லை. விதிவிலக்குகளும் உண்டு, அவற்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். ஜேம்ஸ் வசந்தன் விஜய் டிவியில் நடத்திய ஒரு வார்த்தை ஒரு லட்சம், சாதாரண ஆட்களையும் நல்ல தமிழையும் நம்பி நடந்தது. 2020 ஜனவரியில் ராதிகா நடத்திய கோடீஸ்வரியில், காது கேளாத, வாய் பேச இயலாத மதுரைப் பெண் ஒருவர் 1 கோடி ரூபாய் வென்றார். பழைய நிகழ்ச்சிகள் எதற்கும் அது குறைந்ததில்லை.

பங்கெடுக்க நாம் பட்ட பாடும் ஏக்கத்தில் சேர்ந்திருக்கிறது. எஸ்டிடி பூத்தில் காத்திருந்து எண் சுழற்றியதும், போஸ்ட் கார்டில் விடை எழுதிப் போட்டதும் நினைவிருக்கலாம். தூர்தர்ஷனின் சுரபி நிகழ்ச்சிக்கு ஒரே வாரத்தில் 14 லட்சத்துக்கு மேல் கடிதங்கள் வந்து, சாதாரண அட்டை பைசாக் கணக்கில் விற்ற காலத்தில் போட்டிகளுக்கென்றே 2 ரூபாய் அட்டையை அஞ்சல் துறை வெளியிட்டது.

சந்தேகத்துக்குரிய பகுதி ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து நிகழ்ச்சிகள் நேர்மையானவை, இப்போதுதான் எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது என்று பலர் சொல்கிறார்கள். இதை நம்பி ஏக்கப்படாதீர்கள். பழசு என்பதாலேயே நேர்மை வந்துவிடாது. அமெரிக்காவில் 1950களில் ட்வென்டி-ஒன் என்ற நிகழ்ச்சியில் போட்டியாளர்களுக்கு விடைகளை முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாடே கொண்டாடிய சார்லஸ் வான் டோரன் 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் அதை ஒப்புக்கொண்டார். அடுத்த வருடமே இப்படிச் செய்வதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. 2001இல் இங்கிலாந்துக் கோடி நிகழ்ச்சியில், சரியான விடையைப் படிக்கும்போது இருமி ஜாடை காட்டிய வழக்கில் சார்லஸ் இங்க்ராம் என்ற ராணுவ மேஜருக்கு 2003இல் தண்டனை கிடைத்தது. நம் தமிழ் நிகழ்ச்சிகளைப் பற்றி எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. தொகுப்பாளரின் கண்ணியத்தை நாம் பார்த்தோம், அது நிஜம். அதை வைத்து முழு அமைப்புக்கும் நற்சான்றிதழ் கொடுக்க முடியாது.

பழைய பதிவுகளை யூடியூபில் தேடுங்கள், துண்டு துண்டாகக் கிடைக்கும். உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ வீடியோ கேசட்டில் பதிந்து வைத்தது ஏதாவது இருந்தால் அது பொன். 1964 முதல் 1975 வரை அமெரிக்காவில் ஓடிய ஜெப்பர்டி என்ற வினாடி வினாவின் முதல் வடிவத்தின் பதிவுகளில் பெரும்பகுதியைச் சேனலே அழித்துவிட்டு டேப்பை மறுபடி பயன்படுத்தியது. பெரிய நிறுவனங்களே அப்படி இருந்த காலம். நம் ஊரில் இரண்டு மழைக்காலமும் உண்டு, கடல் காற்றும் உண்டு, கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். டேப்பின் சுருளில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் டெக்கில் போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள். டேப் கிழியும், பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். சுத்தம் செய்து மாற்றித் தருகிற ஆளிடம் முதலில் கொடுங்கள்.

வீட்டில் நடத்துவது பற்றி. தாராளமாக நடத்தலாம், செலவே இல்லை. இரண்டு அணியாகப் பிரியுங்கள், ஒவ்வொரு அணியிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ, ஒரு பள்ளிப் பிள்ளையோ கட்டாயம் இருக்கட்டும். முதலில் பாட்டுக்குப் பாட்டு வையுங்கள், அதில் பெரியவர்கள் ஜெயிப்பார்கள். பிறகு அஸ்வமேதம், அதில் பிள்ளைகள் முந்துவார்கள். நேரடிக் கேள்விகள் தயாரிக்கும்போது, ஊரில் தினமும் கண்ணில் படுகிற, ஆனால் யாரும் நின்று யோசிக்காத விஷயத்தை எடுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், அதைப் பராமரிப்பது எந்த மாநில அரசு? கேரள அரசு என்று சிலர் உடனே சொல்வார்கள், சிலர் மறுப்பார்கள், அந்த விவாதமே பாதி சந்தோஷம். குமரியில் திருவள்ளுவர் சிலை திறந்த நாள் எது? 2000 ஜனவரி 1. மாத்தூர் தொட்டிப்பாலம் எத்தனை அடி உயரம்? 115 அடி. இந்த மாதிரி எண்ணுக்குச் சரியான விடையைக் கேட்காமல், பக்கத்தில் வருகிறவருக்கு மதிப்பெண் கொடுங்கள், ஒருவரும் ஒதுங்கி உட்கார மாட்டார்கள். செல்போன்களை எல்லாம் ஒரு மேசையில் வைக்கச் சொல்லுங்கள். கேள்வியை இரண்டு தடவை நிதானமாகப் படியுங்கள். படித்து முடித்ததும் நீங்கள் குறிப்புக் கொடுக்காமல், சிரிக்காமல், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதல் இரண்டு கேள்விக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். மூன்றாவது கேள்விக்கு அவர்களே தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.